மெட்ரோபோலிஸுக்கு முன்னால் மபூஸைப் பாருங்கள்

ஜெர்மன் பட இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் என்றதும் எல்லோரும் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்குத்தான் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1922-இல் வந்த 'சூதாடி டாக்டர் மபூஸ்'தான் அவருடைய பெரிய படம். இரண்டு பாகம், நாலரை மணி நேரம், மௌனப்படம். நீளத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆரம்பக் காட்சிகளே பிடித்து உட்கார வைத்துவிடும்.

மனோவசியத்தால் ஆட்களை ஆட்டிவைக்கும் குற்றவாளி மபூஸ் சீட்டுக் கலைக்கிறான். சீட்டுகளில் இருப்பதெல்லாம் அவனுடைய மாறுவேடப் படங்கள். இன்றைக்கு எந்த முகம் என்று ஒன்றை உருவுகிறான். அடுத்து, ஓடும் ரயிலில் ஒரு வர்த்தக ஒப்பந்தம் திருடு போகிறது. ரயில் பாலத்தைக் கடக்கும்போது மபூஸின் ஆள் பையை வெளியே வீச, கீழே போகும் காரில் சரியாக வந்து விழுகிறது. வேறொருவர் இதை வைத்தே முழுப்படம் எடுத்திருப்பார். லாங்குக்கு இது வெறும் முன்கதை. களவுச் செய்தி பரவியதும் பங்குச்சந்தை சரிகிறது. கூட்டம் அலறியடித்து விற்க, மபூஸ் எல்லார் தலைக்கும் மேலே நின்று வாங்கிக் குவிக்கிறான். அப்புறம் ஒப்பந்தம் பிரிக்கப்படாமலே கிடைத்துவிட்டது என்று தகவல் வருகிறது. விலை எகிறுகிறது, விற்றுத் தள்ளுகிறான். சந்தை முடிந்து, காகிதக் குப்பையாகக் கிடக்கும் வெறும் கூடத்தின் மேல் அவன் முகம் பெரிதாகப் படிகிறது.

இதைவிடச் சிறந்த கொள்ளைக் காட்சியை மௌனப்படங்களில் நான் பார்த்ததில்லை. ஒரு பூட்டுகூட உடையவில்லை. ஜனங்களின் பயத்தை வைத்தே பணம் பண்ணிவிடுகிறான்.

அன்றைய ஜெர்மானியர்களுக்கு இது கட்டுக்கதையாகப் பட்டிருக்காது. கையிலிருந்த மார்க் (ஜெர்மன் நாணயம்) நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்த காலம். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று வந்து நின்றது. அப்படிப்பட்ட நாட்டில், கண் தெரியாதவர்களை உட்கார வைத்து கள்ளநோட்டு எண்ண வைக்கிறான் மபூஸ்! முதல் பாகத்துக்கு 'காலத்தின் சித்திரம்' என்று துணைத்தலைப்பு வைத்தது சும்மா இல்லை.

இரண்டாம் பாகம் நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, உண்மைதான். டோல்ட் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்ணின் பாத்திரத்தை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம். ஆனால் மபூஸாக நடித்த ருடால்ஃப் க்ளைன்-ரோக்கின் கண்களுக்காகவே பொறுத்துக்கொள்ளலாம். அந்த மனுஷன் வெறித்துப் பார்த்தால் மனோவசியத்தை நம்பத்தான் தோன்றுகிறது. கடைசியில் அதே கள்ளநோட்டுக் கூடத்தில் அவன் மாட்டிக்கொள்ள, செத்துப்போனவர்கள் வந்து சீட்டாடக் கூப்பிடும் இடம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது.

ஒரே வேண்டுகோள்: வெட்டிச் சுருக்கிய பிரதிகளைத் தொடாதீர்கள். மீட்டெடுத்த முழுப்பிரதி இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு ஒரு பாகம் என்று பாருங்கள்.