வெளிநாட்டு உரிமத்திலும் தண்டனைப் புள்ளிகள் உண்டு

பிரிட்டனில் வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்துடன் வண்டி ஓட்டுபவருக்குத் தண்டனைப் புள்ளிகளே (போக்குவரத்துக் குற்றங்களுக்காக ஓட்டுநர் பெயரில் பதியப்படும் புள்ளிகள்) விழாது, ஆகவே வேலைக்கு எடுக்கும்முன் சரிபார்க்க ஒன்றுமில்லை என்று பரவும் செய்தி தவறானது. அவருடைய உரிம அட்டையில் எதுவும் பதியப்படாது என்பது உண்மையே. ஆனால் ஸ்வான்ஸியிலுள்ள ஓட்டுநர் உரிம முகமை அவர் பெயரில் தனிப் பதிவேடு ஒன்றைத் திறந்து, வேகவரம்பை மீறியதற்குக் குறைந்தது 3 புள்ளிகள் என்ற கணக்கில், அதிலேயே குறித்துக்கொள்கிறது. மூன்றாண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால், நீதிமன்றம் அவருக்கும் வண்டி ஓட்டத் தடை விதிக்கலாம்.

ஓட்டுநரின் பதிவை முதலாளி இணையத்தில் பார்க்க உதவும், 21 நாள் செல்லுபடியாகும் பகிர்வுக் குறியீடு பிரிட்டிஷ் உரிமம் உள்ளவர்களுக்கே கிடைக்கும் என்பதால்தான் இக்குழப்பம் எழுகிறது போலும். மற்றவர்களைப் பொறுத்தவரை, தம்மைப் பற்றிய பதிவை முகமையிடம் கேட்டுப்பெறும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு. அந்தப் பதிலைக் காட்டுமாறு முதலாளி கேட்கலாம். சொந்த நாட்டுப் புள்ளிகளோ அங்குள்ள பதிவேட்டில்தான் இருக்கும்: ஜெர்மானியர் எனில், 8 புள்ளிகளில் உரிமமே பறிபோகும் ஃப்ளென்ஸ்பர்க் பதிவேட்டின் (அந்நகரில் பராமரிக்கப்படும் ஜெர்மனியின் ஓட்டுநர் புள்ளிப் பதிவேடு) நகலை அவரே கட்டணமின்றிப் பெற்றுத் தரலாம். பிறர் உயிரைச் சுமந்து செல்லும் வேலைக்கு வெறும் அட்டையை மட்டும் பார்ப்பது போதாது.