இரண்டாவது தடவையும் சமைத்தால்தான் அது கறி

வாரம் ஒரு புதுச் சாப்பாடு என்று சவால் எடுத்துக்கொண்டு படம் போடுகிறவர்களை நானும் விடாமல் பார்க்கிறவள்தான். படம் நல்லா இருக்கும், தட்டு நல்லா இருக்கும், மேலே தூவின கொத்தமல்லி இலைகூட எண்ணி வைத்த மாதிரி இருக்கும். எனக்குள்ள ஒரே கேள்வி, அதை மறுபடியும் செய்தீர்களா? கேட்டும் பார்த்திருக்கிறேன். "அது சும்மா ட்ரை பண்ணினது அக்கா" என்பார்கள். சரி, சும்மா செய்து பார்ப்பதில் தப்பே இல்லை, அதைச் சவால் என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் வழக்கு. ஒரு தடவை செய்வதில் என்ன சவால் இருக்கிறது? போன் சொல்கிறது, கை செய்கிறது. பிழைத்தாலும் போனில்தான் பிழை.

நான் எனக்கென்று வைத்திருக்கிற சவால் வேறு. ஒரு புதுச் சாப்பாட்டை எடுத்தால், அது போனைப் பார்க்காமல் கைக்கு வரும்வரைக்கும், வீட்டில் யாராவது ஒருவர் நான் வாய் திறக்காமலே "இண்டைக்கு அது இல்லையா" என்று கேட்கும்வரைக்கும், அதையேதான் திரும்பத் திரும்பச் செய்வது. அதற்கு முதல் அடுத்ததைத் தொடுவதில்லை. இப்படிச் செய்தால் ஒரு வருஷத்தில் வீட்டுக்குள் வருகிறவை கொஞ்சம்தான். ஆனால் வந்தவை போவதில்லை.

இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான செய்முறைகள் எங்கள் ஊருக்கு எழுதப்பட்டவை இல்லை என்பது உறைத்தது. வெளிநாட்டு பேக்கிங் வீடியோவில் வெண்ணெயை "அறை வெப்பநிலையில்" எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அவர்களுடைய அறை 20 பாகை. திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் வெண்ணெயை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் கரண்டியால் அள்ளலாம், சீனியோடு அடித்து நுரைக்க வைப்பது எங்கே! ஈஸ்ட் போட்டுக் குழைத்த மாவும் அப்படித்தான். ஒன்றரை மணித்தியாலம் பொங்க விடுங்கள் என்று எழுதியிருக்கும், எங்கள் குசினியில் அதில் பாதி நேரத்திலேயே பாத்திரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும், மிச்ச நேரமும் விட்டால் புளித்த மணம் வந்துவிடும். அளவு இன்னொரு தொல்லை. அமெரிக்க மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர் அளவு, அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20. மெல்பேர்னில் இருக்கிற தங்கச்சி அனுப்புகிற செய்முறையில் உப்பு ஏன் காணாமல் போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியச் சமையல் வீடியோக்களில் வேறு சிக்கல். அவர்கள் போடுகிற மிளகாய்த்தூள் தனிமிளகாய். எங்கள் வீட்டுப் போத்தலில் இருப்பதில் மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்துச் சேர்த்திருக்கிறது. அதை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டால் செட்டிநாடும் ஆந்திராவும் ஒரே கறியாக, நாங்கள் நேற்றுச் சாப்பிட்ட கறியாக வந்து நிற்கும். பிறகு "செய்முறை சரியில்லை" என்று ஒரு கருத்து வேறு போடுவோம்.

ஆகவே நான் செய்முறை தேடுகிற இடத்தை மாற்றினேன். இந்த ஊரில் இருந்துகொண்டு புதுச் சாப்பாட்டுக்கு இணையத்துக்கு ஓட வேண்டிய தேவையே இல்லை. கந்தோரில் பக்கத்து மேசையில் மாத்தறையில் இருந்து மாற்றலாகி வந்தவர் இருப்பார், எதிர் மேசையில் கிண்ணியாவில் இருந்து பஸ் ஏறி வருகிறவர் இருப்பார், வீட்டில் யாழ்ப்பாணத்து மாமி இருப்பார். மதியம் சாப்பாட்டுப் பெட்டி திறக்கிற நேரம் ஒரு சுற்று நடந்தால் போதும்.

அம்புல் தியல் அப்படி வந்ததுதான். தெற்குக் கரையோரச் சிங்கள மக்களின் மீன் சமையல். சூரை மீனைக் கனமான துண்டுகளாக வெட்டி, காய்ந்த கொறுக்காயை (குடம்புளியை)ச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அம்மியில் மை போல அரைத்து, மிளகுத்தூள், உப்பு சேர்த்து மீனில் பூசிவிடுவது. மண்சட்டிக்கு அடியில் வாழையிலை, அதன்மேல் மீன், ஒரே அடுக்காக, நெருக்கி. ரம்பை, கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவா. மூடி, சின்னத் தீ. முந்தி மூடிக்கு மேலேயும் சிரட்டைத் தணல் போடுவார்களாம், இரண்டு பக்கத்தாலும் காய்வதற்கு. தண்ணீர் எவ்வளவு விடுவது என்று நான் கேட்க, "தண்ணி கேக்க வேணாம் நங்கி, மீன்லயே இருக்கு, அத எடுக்கத்தான் இவ்வளவும்" என்றார் மாத்தறை அக்கா. அகப்பை போடக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு குலுக்கு, அவ்வளவுதான். முடிவில் மீன் கறுத்து, இறுகி, சட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருக்கும்.

இதில் என்னைப் பிடித்தது ருசி மட்டுமில்லை, அதன் புத்தி. கொறுக்காயின் அமிலமும் உப்பும் ஒரு பக்கம், தண்ணீர் வற்றிப்போனது மறுபக்கம், இரண்டும் சேர்ந்து கிருமியை வளர விடாது. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் நாள்கணக்கில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு மாரி தொடங்கினால் கடல் கொதிக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும், சந்தையில் மீன் விலையைக் கேட்டுவிட்டுப் பருப்போடு வீட்டுக்கு வருவோம். அந்த நாட்களுக்கென்றே செய்தது போன்ற ஒரு சமையலை எங்கள் பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் கேட்காமல் இருந்திருக்கிறோம். ஒன்று மட்டும் சொல்லவேண்டும், மீன் புதிதாக இருக்கவேண்டும். சூரை வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும், அதைச் சமைத்தும் அழிக்க முடியாது, புளிபோட்டும் அழிக்க முடியாது. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்து, "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்கிற பல கதைகளுக்குப் பின்னால் இருப்பது அதுதான். திருக்கடலூர்ப் பக்கமிருந்து காலையில் சைக்கிளில் வருகிற அண்ணனிடம் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை, அவரும் இப்போதெல்லாம் கேட்க முதலே தூக்கிக் காட்டுகிறார்.

முதல் தடவை மேசையில் வைத்தபோது மாமா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளை, கறி எங்க?" என்றார். குழம்பில்லாத மீன் அவருடைய கணக்கில் கறியில்லை. இங்கேதான் ஒரு தடவை செய்துவிட்டு விடுகிறவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம். ஒரு தடவையோடு விட்டிருந்தால் "எங்கட ஆட்களுக்கு அது சரிவராது" என்ற தீர்ப்போடு முடிந்திருக்கும். அடுத்த தடவை அதைச் சோற்றோடு வைக்கவில்லை. புட்டும், தேசிக்காய் விட்ட பால்சொதியும் வைத்து, பக்கத்தில் இந்த மீனை உதிர்த்து வைத்தேன். மாமா இரண்டாம் முறை புட்டு கேட்டார். மாத்தறை அக்காவிடம் சொன்னேன், புட்டோடா என்று முகத்தைச் சுளித்தார். அது அவருடைய பாடு. இப்போது எங்கள் வீட்டில் அது புட்டுக்குரிய மீன், கொறுக்காய் போத்தல் நிரந்தரமாக உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்.

வட்டிலப்பம் வேறு மாதிரி. அது எங்களுக்குத் தெரியாத சாப்பாடே இல்லை, பெருநாளைக்குப் பெருநாள் முஸ்லிம் வீடுகளில் இருந்து வீடு தேடி வரும். மலாய்க்காரர்கள் கொண்டுவந்தது என்பார்கள். வீடு தேடி வருகிறது என்பதாலேயே நாங்கள் யாரும் செய்யப் பழகவில்லை. கிண்ணியா ராத்தா சொன்ன கணக்கு ஆறு முட்டை, 250 கிராம் கித்துள் கருப்பட்டி, ஒரு கோப்பை முதற்பால், ஏலம், கொஞ்சம் சாதிக்காய். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! அவித்துப் பார்த்தால்தான் தெரியும். முட்டை இறுகுவதற்குக் கொதிநிலை தேவையில்லை, 80 பாகைக்குக் கிட்டவே இறுகத் தொடங்கிவிடும். ஆவி அதிகமாக வந்தால் உள்ளே இருக்கிற நீர் குமிழ்விட்டு, வெட்டினால் துளை துளையாகத் தெரியும், கீழே பாணியும் பிரிந்து நிற்கும். தீயைக் குறைத்து, மூடியில் இருந்து தண்ணீர் சொட்டாமல் துணி கட்டி, பொறுத்திருந்தால் வழுவழுவென்று வரும். இதை முதல் தடவையில் யாருக்கும் விளங்காது, ஏனென்றால் முதல் தடவை நாங்கள் சட்டியைப் பார்ப்பதில்லை, எழுதி வைத்ததைத்தான் பார்க்கிறோம். இதையெல்லாம் ராத்தாவிடம் பெரிய ஆராய்ச்சி மாதிரி விளக்கினேன். "ஓட்டை இருந்தாத்தான் தங்கச்சி பாணி உள்ள ஊறும், எங்கட வாப்பாக்கு ஓட்டை இல்லாட்டி சரிவராது" என்றார். போச்சு. அப்ப இவ்வளவு நாளும் நான் எதைத் திருத்திக்கொண்டிருந்தேன்?

சிலர் சொல்வார்கள், புதுச் சமையலுக்குச் செலவாகும் என்று. ஆகும், கடையில் தொடங்கினால். ஒரு சாப்பாட்டுக்காக வாங்கின ஒரிகானோ போத்தல், ஒரே ஒரு தடவை திறந்த சோயா சோஸ், காலாவதியான சீஸ். எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் பின்வரிசையில் இருக்கும். ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் செய்கிறவளுக்கு இந்தத் தொல்லை இல்லை, வாங்கினது முடியும். 2024 கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்ட நேரம் முதற்பால் கேட்கிற செய்முறை எதையும் நான் எடுக்கவில்லை. கொறுக்காய்க்குத் தேங்காய் தேவையில்லையே.

உண்மையைச் சொன்னால் இந்த நாட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு சமையல் சவாலைச் செய்து முடித்தது 2022 பொருளாதார நெருக்கடியில்தான். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் எப்போது போகும் என்று அட்டவணை பார்த்து அடுப்பு மூட்டினோம். பின்வளவில் மூன்று கல்லை வைத்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி, ஒரே சட்டியில் சோறும் பருப்பும் கீரையும் போட்டு இறக்கின பெண்கள் எத்தனை பேர். ஒருவரும் படம் போடவில்லை, யாரும் சவால் என்றும் சொல்லவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு பாஸ்தா கிண்டிவிட்டு ஏப்ரன் கட்டி நிற்கிற எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு வருகிற லைக்கைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரியும்தான், மறைப்பானேன். பாஸ்தா நல்லாத்தான் இருந்தது. தாச்சியைக் கழுவினது நான்.

அடுத்ததாக மாமியின் ஒடியல் கூழ். அவர் செய்து எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன், என் கையால் இதுவரை இல்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே நிற்கிற தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கசப்பெடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று கேட்டால் "கசப்புப் போகுமட்டும்" என்கிறார். நண்டு, இறால், மரவள்ளி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, எது எப்போது விழவேண்டும் என்பதெல்லாம் அவருடைய கண்ணில்தான் இருக்கிறது, ஒரு கடதாசியிலும் இல்லை. வருகிற சனிக்கிழமை தொடங்குகிறோம். மாமி பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார், அகப்பையைத் தொடமாட்டார் என்று ஒப்பந்தம். அவர் அதைக் கடைப்பிடிப்பார் என்று வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.