அந்த போலீஸ் துரத்தல் திரும்பி வரணும்

நீட் ஃபார் ஸ்பீடு கார் பந்தய வீடியோ கேம் வரிசையின் அடுத்த ஆட்டத்தில் என்ன எதிர்பார்க்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஆசைதான்: இதே வரிசையில் 2005இல் வந்த மோஸ்ட் வாண்டட் மாதிரி போலீஸ் துரத்தல்.

அப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி விட்டதும் நேராக சைபர் கஃபேக்குப் போவோம். மணிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). அண்ணன் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். பெட்ரோல் நிலையத்தை இடித்துச் சரித்தால் பின்னால் வரும் போலீஸ் கார்கள் நசுங்கும். அப்புறம் ஒரு சந்தில் வண்டியை நிறுத்தி, போலீஸ் தேடலைக் கைவிடும் நேரத்தைக் காட்டும் கூல்டவுன் பட்டை நிரம்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். ஒருநாள் பட்டை முக்கால்வாசி நிரம்பியபோது நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டது. அண்ணன் பையில் 50 காசுதான் இருந்தது. வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

இதே வரிசையில் 2022இல் வந்த அன்பவுண்டில், பகலில் ஏறிய ஹீட், அதாவது போலீஸ் நம்மைத் தேடும் தீவிரம், இரவிலும் தொடரும். நல்ல யோசனை, அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் கார் புகையில் வரும் அந்தக் கார்ட்டூன் படங்கள் எனக்கு ஒட்டவே இல்லை.

அண்ணன் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். புது ஆட்டம் வந்த அன்றே இருவரும் வாங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.