பழி போட ஓர் ஆள் வேண்டும்

மூல நிரலை யாரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் பக்கம் கம்பெனிகள் வரத் தயங்குவது ஏன் என்று கேட்டால் பாதுகாப்பு, தரம், சப்போர்ட் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மீட்டிங்குகளில் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நாளைக்கு சிஸ்டம் படுத்துவிட்டால் பழி போட ஓர் ஆள் வேண்டும். மென்பொருளை விற்ற வெண்டர் இருந்தால் "அவங்ககிட்ட புகார் டிக்கெட் போட்டிருக்கோம் சார்" என்று சொல்லி ஒதுங்கிவிடலாம். காசு கொடுத்து வாங்கும் ஆரக்கிள் டேட்டாபேஸ் வேண்டாம், ஓப்பன் சோர்ஸான போஸ்ட்கிரெஸ் போதும் என்று சொன்ன மேனேஜர் யாரைக் கை காட்டுவார்?

இதைக் கோழைத்தனம் என்று கிண்டல் செய்ய மனம் வரவில்லை. அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும்.

ஆனால் காசு வாங்கியவர் பொறுப்பேற்பார் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதற்கு லைசன்ஸ் ஒப்பந்தத்தைக் கடைசிவரை படித்துப் பார்க்க வேண்டும். நஷ்ட ஈடு பெரும்பாலும் நாம் கட்டிய கட்டணத்தோடு நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான்.

இன்னொரு வேடிக்கை. "எங்களுக்கு ஓப்பன் சோர்ஸ் வேண்டாம்" என்று சொல்கிற கம்பெனியின் சர்வரில் ஏற்கெனவே லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும். பல மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜெ என்ற ஓப்பன் சோர்ஸ் நிரலின் பாதுகாப்பு ஓட்டை 2021 டிசம்பரில் வெளிவந்தபோது, அது தங்களிடம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பல கம்பெனிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொள்ளாத பொருளுக்கு யார் கணக்கு வைப்பார்கள்? அதைப் பராமரித்ததோ சில தன்னார்வலர்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து சரி செய்ததும் அவர்கள்தான்.

தயக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி சர்வர்களை மாற்றியவர்களிடம், 2021 முடிவோடு சரி என்று 2020 டிசம்பரில் சொன்னார்கள். அப்படிச் சூடு பட்டவர் அடுத்த முறை யோசிக்கத்தான் செய்வார். சின்ன நிறுவனங்களின் கதையே வேறு. கணக்கு டேலியில் இருக்கிறது, டேலிக்கு விண்டோஸ் வேண்டும், ஆடிட்டர் கேட்பதும் டேலி ஃபைலைத்தான். அங்கே போய் லினக்ஸின் பெருமையைப் பேசி என்ன பயன்?

எனக்கு உண்மையில் எரிச்சல் ஓப்பன் சோர்ஸுக்குப் பரிந்து பேசும் நம் ஆட்கள் மேல்தான். "ஃப்ரீ சார், ஒரு பைசா செலவில்லை" என்றே விற்கிறார்கள். அதைக் கேட்ட முதலாளி பட்ஜெட்டில் பூஜ்யம் போட்டுவிடுகிறார். அப்புறம் பேக்கப் பார்க்க ஆளில்லை, அப்டேட் போட ஆளில்லை, ஒரு வருஷத்தில் சிஸ்டம் நாறிப்போகிறது. பொறுப்பேற்க ஓர் ஆள்தான் வேண்டுமென்றால் அதுவும் விலைக்குக் கிடைக்கிறது. ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனம் பிழைத்தது அந்த சப்போர்ட் சந்தாவில்தான், ஐபிஎம் அந்த நிறுவனத்தை 2019-இல் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. லைசன்ஸில் மிச்சமாகும் பணத்தில் பாதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் நானே ஓப்பன் சோர்ஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.