காய்ச்சல் இல்லாவிட்டால் கிட்னி இன்ஃபெக்‌ஷன் ஆபத்தில்லையா?

கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது: "கிட்னி இன்ஃபெக்‌ஷனா? மூன்று நாள் பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் போதும். காய்ச்சல் இல்லாவிட்டால் பயமே இல்லை."

இரண்டுமே தவறு. இரண்டாவது உயிருக்கே உலை வைக்கும்.

சிறுநீரகத்தில் கிருமித்தொற்று முற்றி ரத்தத்தில் பரவினால், ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும் செப்டிக் ஷாக் வரலாம். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், யூரின் டியூப் போட்டிருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு அந்த ஆபத்து அதிகம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுவும் (பிளேட்லெட்) ஆல்புமின் என்ற புரதமும் குறைந்திருப்பதும் அந்த ஆபத்துக்கான எச்சரிக்கைதான்; அதைப் பார்த்தால் டாக்டர்கள் உஷாராவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது அடைப்பு. தொற்று இருக்கும்போது, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாயில் கல் சிக்கினால், மேலே சீழோடு சிறுநீர் தேங்கும். அழுத்தம் கூடக்கூடக் கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்படும். அங்கே ஆன்டிபயாடிக் மட்டும் பத்தாது. உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தோ, முதுகுப் பக்கம் டியூப் போட்டோ உடனே வடியவிட வேண்டும். கல்லை எடுப்பதெல்லாம் பிறகுதான். குடம் குடமாகச் சாறு குடித்தாலும் அந்த அடைப்பு திறக்கும் என்று நம்பியிருக்க முடியாது. (இதய நோயாளிக்கு அவ்வளவு தண்ணீரே வில்லங்கம்.)

அப்புறம் காய்ச்சல். முதியவர்களுக்குச் சில நேரம் அது வரவே வராது. உடம்பு ஜில்லிட்டும் போகலாம். பாட்டி திடீரென்று ஆள் தெரியாமல் பேசுகிறாரா, மூச்சு நிமிடத்துக்கு 22-ஐத் தாண்டுகிறதா, மேல் பிரஷர் 100-க்குக் கீழே இறங்குகிறதா, சிறுநீர் குறைகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் அவசர சிகிச்சைப் பிரிவு நடுராத்திரியிலும் இயங்கும்.