‘பத்தில் ஒரு மாணவர்’: திருகோணமலைக் கணக்கு அல்ல

“திருகோணமலையில் பத்தில் ஒரு உயர்தர மாணவர் ஸ்பைஸ் புகைக்கிறார். மூலிகைதான், கஞ்சாவைவிடப் பாதுகாப்பு” என்றொரு செய்தி உப்புவெளி, மூதூர் பக்கத்துப் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஸ்பைஸ் என்பது உலர்ந்த இலையில் செயற்கைப் போதை இரசாயனம் தெளித்து விற்கும் சரக்கு. இரண்டு கூற்றுமே தவறு.

பத்தில் ஒன்று என்பதற்கு நெருக்கமான கணக்கு அமெரிக்காவில் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் ஆய்வில், 2011இல் பன்னிரண்டாம் வகுப்பினரில் 11.4 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் இதைப் பாவித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 3.5 ஆகக் குறைந்தது. அந்த ஆய்வின் இணையத்தளத்திலேயே இதைச் சரிபார்க்கலாம். அதை நம்முடைய பிள்ளைகள் தலையில் கட்டுவது பெரிய அநியாயம். ‘எல்லாரும் அடிக்கிறார்கள்’ என்ற எண்ணமே சில பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

அப்புறம், மூலிகை என்ற கதை. பைக்குள் இருப்பது ஏதோ உலர்ந்த இலைதான். ஆனால் போதை தருவது அதன்மேல் தெளித்த ஆய்வுகூட இரசாயனம். தெளிப்பு சீராக விழாததால் ஒரே பையில் ஒரு சிட்டிகை லேசாகவும் அடுத்தது ஆளை விழுத்துமளவுக்கும் இருக்கும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி, மூளையில் அது ஒட்டிச் செயற்படும் இடங்களான ஏற்பிகளை ஓரளவே தூண்டும். ஸ்பைஸில் தெளிக்கும் இரசாயனங்களில் பல முழுவதுமாகத் தூண்டும். வலிப்பு, நெஞ்சுப் படபடப்பு, சித்தப்பிரமை, சிலவேளை மரணம்கூட வரும். 2018இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் எலிமருந்து கலந்த சரக்கைப் புகைத்தவர்களில் சிலர் இரத்தம் கசிந்து இறந்தார்கள்.

சரி, இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடம் விளக்கத்தைச் சொல்லுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் தயங்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.