முன்பதிவு கேட்காத வைனரிகளைத் தேடிப் போங்கள்

லாங் வீக்கெண்டு வந்தால் மெல்பர்னில் இருக்கும் நம் ஆட்கள் பலர் சிட்னிக்கோ அடிலெய்டுக்கோ வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். போகிற வழியில் ஒன்றிரண்டு வைனரியில் நின்று ஒயின் ருசி பார்த்துவிட்டுப் போகலாமா, எது நல்லது என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடவே ஒரு திட்டமும் அனுப்புகிறார்கள்: பதினொரு மணிக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று, இரண்டு மணிக்குச் சாப்பாட்டோடு ஒன்று, நாலு மணிக்கு இன்னொன்று. எல்லாமே பெரிய பெயர்கள், எல்லாவற்றுக்கும் முன்பதிவு. அந்தத் திட்டத்தை அப்படியே கைவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நீண்ட பயணத்தில் கடிகாரம் நம் கையில் இருக்காது. பிள்ளைகளுக்கு நடுவழியில் பசிக்கும், சாலை வேலை நடக்கும், புறப்படும்போதே ஒரு மணி நேரம் தாமதமாகும். பதினொரு மணி டேஸ்டிங்கைப் பிடிக்க 110 வேகக் கட்டுப்பாட்டைத் தாண்டி ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை. 2020 கொரோனாவுக்குப் பிறகு பல வைனரிகள், உட்கார வைத்து நேரம் ஒதுக்கி ஊற்றித் தரும் முறைக்கு மாறிவிட்டன. அதில் தப்பில்லை. மெல்பர்னுக்குப் பக்கத்தில் இருக்கும் யாரா வேலி என்ற ஒயின் பகுதிக்கு ஒருநாள் போய்வர அதுதான் சரி. ஊர் கடந்து போகிறவர்களுக்கு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் கவுண்ட்டரில் நிற்கக்கூடிய இடம்தான் தோதுப்படும்.

அதற்கு நான் எப்போதும் சொல்வது ரதர்க்ளென் என்ற ஊர். மெல்பர்னிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். சிட்னி போகும் ஹியூம் நெடுஞ்சாலையை சில்டர்னில் விட்டு விலகினால் கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். மர்ரே ஆறு பக்கத்தில்தான். அங்கே பழைய வைனரிகள் பல: சேம்பர்ஸ் ரோஸ்வுட் 1858இல் தொடங்கியது, மாரிஸ் 1859, ஆல் செயிண்ட்ஸ் 1864, கேம்பல்ஸ் 1870. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதிக தூரமில்லை. அதனால் ஒரு இடத்தில் கூட்டம் என்றால் அடுத்ததுக்குப் போய்விடலாம். ஆல் செயிண்ட்ஸில் கோட்டை மாதிரிக் கட்டடமும் மரங்கள் அணிவகுத்த பாதையும் இருப்பதால் கேமராக்கள் அங்கேதான் குவியும். எனக்கு அதைவிட, தகரக் கொட்டகைக்குள் பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் இடங்கள்தான் பிடிக்கும். ஊற்றித் தருகிறவர் அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவராகவே இருப்பார். இந்த வருஷம் வெயில் எப்படி என்று கேட்டால் போதும், பேச்சு தானாக நீளும்.

அங்கே கட்டாயம் ருசிக்க வேண்டியது மஸ்கட் என்ற இனிப்பு ஒயின். திராட்சையைக் கொடியிலேயே வாடி வதங்கும்வரை விட்டுப் பறிக்கிறார்கள். நொதிக்கத் தொடங்கியதும் ஸ்பிரிட் சேர்த்து நிறுத்திவிடுவதால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். பிறகு பழைய பீப்பாய்களில், வெயில் காயும் கொட்டகையில், வருஷக்கணக்கில் சுண்ட விடுகிறார்கள். நாலு படிகள் உண்டு: ரதர்க்ளென் மஸ்கட், கிளாசிக், கிராண்ட், ரேர். முதல் படியின் சராசரி வயது மூன்றிலிருந்து ஐந்து வருஷம். ரேர் என்றால் 20 வருஷத்துக்கு மேல். ரேர் ஊற்றிய கிளாஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கரும்பழுப்பு, ஓரத்தில் ஆலிவ் பச்சை. கிளாஸின் சுவரில் கருப்பட்டிப் பாகு போல ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். வாயில் பேரீச்சை, உலர்திராட்சை, கடைசியில் காபிக் கசப்பு. ரேர் பாட்டில் 100 டாலரைத் தாண்டும். வாங்க வேண்டியதில்லை, ஒரு மிடறு ருசித்தாலே நாலு படிகளுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும். இதற்காகவே அங்கே நிற்கலாம்.

அடிலெய்டு பக்கம் போகிறவர்களுக்கு கிரேட் வெஸ்டர்ன் என்ற ஊரில் பெஸ்ட்ஸ் வைனரி இருக்கிறது. அராரட்டுக்கும் ஸ்டாவலுக்கும் நடுவில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே. 1860களில் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அந்தப் பழைய பாத்தியில் என்ன ரகம் என்று நிபுணர்களாலேயே அடையாளம் காண முடியாத கொடிகளும் உண்டு.

எந்த ஊரானாலும் காலையில் ஒரு போன் போட்டுவிடுங்கள். இன்று திறந்திருக்கிறீர்களா, சும்மா வந்தால் ருசி பார்க்கலாமா, அவ்வளவுதான். சின்ன வைனரிகள் வார நடுவில் மூடியிருக்கும். ஆறு பேருக்கு மேல் என்றால் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை. ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாள் விடுமுறையில் ரதர்க்ளெனில் வைனரி வாக்கபவுட் என்ற ஒயின் திருவிழா நடக்கும். திருவிழாவுக்கென்றே போகிறவர்கள் போகட்டும், வழிப்போக்காக நிற்கிறவர்கள் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். படம் எடுக்கக் கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். வேரை அரிக்கும் ஃபிலாக்ஸரா என்ற பேன் போன்ற சின்னப் பூச்சி 1877இல் ஜீலாங் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ரதர்க்ளெனிலும் அது தோட்டங்களை அழித்தது. ஒருமுறை வந்துவிட்டால் மண்ணிலிருந்து ஒழிக்க வழியில்லை. அது பரவும் வழிகளில் ஒன்று நம் செருப்பு. ரதர்க்ளெனில் மண்ணை மிதித்துவிட்டு அதே ஷூவோடு இரண்டு நாள் கழித்து தென் ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான பரோஸாவில் இறங்குகிறவர் யார்? ரோடு ட்ரிப் போகிற நாம்தான். பரோஸாவில் 1843இல் நட்ட கொடி இன்னும் உயிரோடிருக்கிறது என்றால், தென் ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பேன் நுழையாததுதான் காரணம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தை வாசலில் எடுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய் எல்லாமே ஒன்றுபோல இருக்கும். ஓட்டுகிறவர் யார் என்று புறப்படும்போதே முடிவு செய்யுங்கள், அவர் குடிக்கக் கூடாது. சட்டப்படி ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 வரை போகலாமே என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 30 மில்லி வீதம் ஆறு ஒயின் ருசித்தாலே கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) ஆகிவிடும். மஸ்கட்டில் 60 மில்லியே கிட்டத்தட்ட ஒன்று. புதிதாக லைசென்ஸ் எடுத்த பி பிளேட் ஆள் என்றால் பூஜ்யம்தான், பேச்சே இல்லை. மற்றவர்களும் கவுண்ட்டரில் இருக்கும் கிண்ணத்தில் தாராளமாகத் துப்பலாம். எச்சில் என்று நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் ஒயின் செய்கிறவர்களே அப்படித்தான் ருசிக்கிறார்கள்.

டேஸ்டிங்குக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள். கேட்காத இடத்தில் ஒரு பாட்டிலாவது வாங்குங்கள். அரை மணி நேரம் நின்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் 375 மில்லி மஸ்கட் ஒன்று. ஜனவரி வெயிலில் டிக்கியில் போட்டுவிடாமல் எஸ்கி என்ற ஐஸ் பெட்டியில் வையுங்கள். ராத்திரி ஊர் போய்ச் சேர்ந்ததும் அன்று முழுக்க வண்டி ஓட்டியவருக்கு முதல் கிளாஸை ஊற்றுங்கள். மிச்சத்தை மூடி வைத்தால் சில வாரங்கள் கெடாது.